முட்டி வலி என்றால் இடுப்பையும் பாருங்கள்: லுக்கீமியா சிகிச்சையும் பிள்ளையின் எலும்பும்

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை "முட்டி வலிக்குதும்மா" என்று சொன்னால், நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் வாரம் அப்பாயி தைலம் தேய்த்துவிடுவார். அடுத்த வாரம் பக்கத்து டவுனில் முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்துப் பிள்ளை தாங்கித் தாங்கி நடக்கும்போது இடுப்பைப் படம் எடுத்தால், தொடை எலும்பின் தலை தட்டையாகத் தொடங்கியிருக்கும். அந்த மூன்று மாதத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

எலும்புக்குள் நடப்பது

குழந்தைகளுக்கு அதிகம் வருவது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா, சுருக்கமாக ஏஎல்எல். இதன் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் ஓடும். அதில் ஸ்டீராய்டு இல்லாமல் வேலை நடக்காது. பிரெட்னிசோலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன், இரண்டில் ஒன்று முதல் மாதம் முழுக்க இருக்கும். நடுவில் 'தாமதத் தீவிரச் சிகிச்சை' என்ற கட்டத்தில் டெக்ஸாமெத்தசோன் மறுபடி வரும். பல நெறிமுறைகளில் (புரோட்டோகால் என்று சொல்லும் சிகிச்சைத் திட்டங்களில்) பராமரிப்புக் கட்டத்திலும் ஐந்து ஐந்து நாளாகக் கொடுப்பார்கள். புற்றணுக்களைக் கொல்வதில் இந்த மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. எலும்பைக் கெடுப்பதும் இதேதான்.

கெடுதல் இரண்டு விதம். ஒன்று, எலும்பின் அடர்த்தி குறைந்து மெலிந்து, சின்ன அடிக்கே முறிவது. இன்னொன்று, எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போவது. இரண்டாவதை ஆஸ்டியோநெக்ரோசிஸ் அல்லது ஏவிஎன் என்று மருத்துவச் சீட்டில் எழுதுவார்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டத்தின் கடைமடை. அங்கே போய்ச் சேரும் ரத்தக் குழாய்கள் மெல்லியவை; வேறு வழியாக ரத்தம் வந்து சேர வாய்ப்பும் குறைவு. ஸ்டீராய்டால் எலும்புக்குள் இருக்கும் கொழுப்பணுக்கள் பருக்கின்றன. எலும்பு ஓடு விரிந்து கொடுக்காததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கூடவே ரத்தக் கொழுப்பு கூடுகிறது, உறையும் தன்மை மாறுகிறது. தலைமடையில் தண்ணீர் ஓடும், கடைமடை காயும். அஸ்பராஜினேஸ் என்ற லுக்கீமியா ஊசி ஓடும் காலத்தில் டெக்ஸாமெத்தசோன் உடம்பை விட்டு வெளியேறுவது மெதுவாகிறது, கொழுப்பும் ஏறுகிறது. அதனால் இரண்டும் சேர்ந்து வரும் வாரங்கள் எலும்புக்கு மோசமான வாரங்கள்.

செத்த எலும்பு அன்றைக்கே உடைவதில்லை. வடிவம் மாறாமல் அப்படியே நிற்கும். பிறகு உடம்பு அதை அரித்தெடுத்துவிட்டுப் புது எலும்பு கட்டத் தொடங்கும்போதுதான் அந்த இடம் பலவீனமாகும். பாரம் ஏறுகிற மூட்டாக இருந்தால், குறிப்பாக இடுப்பாக இருந்தால், அப்போது அமுங்கிவிடும். காய்வதற்கும் சாய்வதற்கும் இடையே மாதக்கணக்கில் இருக்கும் அந்த இடைவெளிதான் நம் கையில் இருப்பது.

யார் விழிப்பாக இருக்க வேண்டும்

சிகிச்சை தொடங்கும்போதே 10 வயது தாண்டிய பிள்ளைகள்தான் முதலில். சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். ஆனால் குறைவு, வந்தாலும் ஆறும் வாய்ப்பு கூடுதல். பருவமடையும் வயதுதான் சிக்கல். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு டெக்ஸாமெத்தசோனை 21 நாள் தொடர்ந்து கொடுத்தபோது 17% பேருக்கு வலியோடு கூடிய எலும்புச் சாவு வந்தது. ஒரு வாரம் கொடுத்து, ஒரு வாரம் விட்டு, மறுபடி ஒரு வாரம் கொடுத்தபோது அது 8.7% ஆகக் குறைந்தது. லுக்கீமியா குணமாவதிலும் பின்னடைவு இல்லை. 2012இல் இது வெளியானது. இப்போது பல நெறிமுறைகளில் பெரிய பிள்ளைகளுக்கு வாரம் விட்டு வாரம் கொடுப்பதற்கு இதுவே காரணம். உங்கள் பிள்ளைக்கு 10 வயதுக்கு மேல் என்றால், தாமதத் தீவிரச் சிகிச்சை தொடங்கும் முன் "டெக்ஸா தொடர்ச்சியாவா, வாரம் விட்டா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. வீட்டிலேயே நீங்களாக வாரம் விடுவது பெரிய தப்பு.

பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று வருடத்துக்குள் தெரியவரும். இடுப்பும் முட்டியும் முதலிடம். கணுக்காலும் தோளும் அடுத்து. ஒரு பக்கம் வந்தால் மறுபக்கமும் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

எல்லா வலியும் இந்த வலி இல்லை

சிகிச்சைக் காலத்தில் கால் வலிக்கப் பல காரணம் உண்டு. பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் பயமும் குறையும், வீண் தாமதமும் குறையும்.

வின்கிறிஸ்டின் என்ற கீமோ ஊசியால் நரம்பு பாதித்தால் பாதம் தொங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் செருப்பு. நடக்கும்போது ரப்பர் செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடக்கும், பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. குதிகாலால் நடக்கச் சொன்னால் முடியாது. மூட்டில் குறிப்பிட்ட வலி இருக்காது. பூஞ்சைத் தொற்றுக்காக வோரிகோனசோல், இட்ராகோனசோல் போன்ற மாத்திரை சேர்ந்தால் இந்தப் பாதிப்பு கடுமையாகும்.

ஸ்டீராய்டால் தசை மெலிந்தால் வலி இருக்காது, வலுதான் இருக்காது. தரையிலிருந்து எழும்போது பிள்ளை தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏறி எழும். ஸ்டீராய்டை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உடம்பெல்லாம் வலிப்பது வேறு. அது சில நாட்களில் தானே அடங்கும்.

காய்ச்சலோடு ஒரு மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் அது தொற்று என்றே வைத்துக்கொண்டு அந்த நேரமே கிளம்ப வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே உங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெளிறிப்போய், உடம்பில் கன்றிய திட்டுகளோடு, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி என்றால் நோய் திரும்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு ரத்த அணுக்கள் பரிசோதனை அன்றே வேண்டும்.

ஏவிஎன் வலி பாரம் ஏற்றினால் வரும், படுத்தால் குறையும், இரண்டு வாரம் தாண்டியும் போகாது. பின்னால் ஓய்விலும் வலிக்கும். இடுப்பு கெட்டிருந்தால் வலி கவட்டியில், அதாவது தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் தெரியும். ஆனால் பல பிள்ளைகள் காட்டுவது முட்டியைத்தான். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்பின் கிளை முட்டிக்கும் போவதால் மூளைக்கு இடம் குழம்புகிறது. முட்டி எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால், அடுத்த படம் முட்டிக்கு இல்லை, இடுப்புக்கு.

கட்டிலில் படுக்கவைத்து ஒரு நிமிடம்

வாரம் ஒரு தடவை, பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது பாருங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு காலை இடுப்பிலும் முட்டியிலும் மடக்கி, தொடை நேர் செங்குத்தாக, கெண்டைக்கால் தரைக்கு இணையாக நிற்கும்படி தாங்கிப் பிடியுங்கள். இப்போது தொடையை ஆட்டாமல், பாதத்தை மட்டும் மெல்ல வெளிப்பக்கமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பாதம் வெளியே போகும்போது இடுப்பு மூட்டு உள்பக்கமாகத் திரும்பும். கெட்டுப்போகும் இடுப்பு முதலில் இழப்பது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தைத்தான். மற்றக் காலையும் அதே மாதிரி பாருங்கள். ஒரு பக்கம் சீக்கிரமே நின்றுவிட்டாலோ, கவட்டியில் சுளீர் என்றாலோ, அன்றைக்கே நோட்டில் எழுதி மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். நீங்கள் அழுத்தித் தள்ளக் கூடாது. பிள்ளை தானாகப் போகும் தூரம் போதும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கெட்டிருந்தால் வித்தியாசம் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் இந்தச் சோதனை சரியாக இருக்கிறது என்பதற்காக வலியைத் தள்ளிவிடாதீர்கள்.

பிறகு முற்றத்தில் பத்தடி நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள், பத்து விநாடி வீடியோவும் எடுங்கள். ஓபியில் அந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளை நன்றாக நடந்து காட்டிவிடும். வீட்டு வீடியோதான் உண்மையைச் சொல்லும்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, ஸ்டீராய்டு நாளா இல்லையா, எங்கே வலி (ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்), எப்போது (படி ஏறும்போது, கக்கூஸில் உட்காரும்போது, இரவில்), பத்துக்கு எத்தனை, மாத்திரை போட்டீர்களா. இவ்வளவுதான். "அப்பப்போ வலிக்குதுங்க" என்பதைவிட "பதினெட்டு நாளா, இடது பக்கம், படியில ஏறும்போது ஆறு" என்பதற்கு மருத்துவர் எழுதும் சீட்டு வேறு.

படம் எடுக்கும்போது

ஆரம்பத்தில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாது. இதை மனதில் குத்திவைத்துக்கொள்ளுங்கள். எலும்பு அமுங்கத் தொடங்கிய பிறகுதான் அதில் பிறை வடிவக் கோடு தெரியும். அதற்குப் பிறகு தட்டையாவது தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் நேராக ஒன்று, கால்களைத் தவளை மாதிரி விரித்து ஒன்று, இரண்டும் வேண்டும். நேர்ப் படத்தில் தெரியாத அமுக்கம் தவளைப் படத்தில் தெரியும்.

ஆரம்பத்திலேயே காட்டுவது எம்ஆர்ஐ. இதில் கதிர்வீச்சு இல்லை. இந்தக் காரணத்துக்கு எடுக்கும்போது பெரும்பாலும் சாய ஊசியும் வேண்டியதில்லை. வலி ஒரு பக்கம் இருந்தாலும் இரண்டு இடுப்பையும் எடுக்கச் சொல்லி, முடிந்தால் அதே தடவையில் முட்டிகளையும் சேர்த்துக் கேளுங்கள். இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ எடுத்துவிடலாம். ஆனால் அறிக்கைத் தாளோடு படம் பதிந்த சிடியையும் வாங்குங்கள். எலும்பு மருத்துவர் படத்தைத்தான் பார்ப்பார், தாளை அல்ல.

அறைக்குள் போகும் முன் பிள்ளையின் அரைஞாண்கொடி, தாயத்து, கொலுசு, தோடு, உலோக மணி கோத்த கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாயத்தைக் கடைசி நிமிடத்தில் வெட்டினால் வீட்டில் சண்டை வரும். முந்தின நாளே பெரியவர்களிடம் சொல்லிக் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிடுங்கள். நெஞ்சில் கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி) இருந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடக்க வேண்டும், கொட்டு மேளம் மாதிரி சத்தம் வரும் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவைத்தால் மயக்க மருந்து இல்லாமலே முடியலாம்.

அறிக்கையில் பார்க்க வேண்டியது, தொடை எலும்புத் தலையில் எவ்வளவு பங்கு கெட்டிருக்கிறது என்பது. 30 சதவீதத்துக்கு மேல் என்றால் அமுங்கும் ஆபத்து அதிகம். எலும்பு மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் இந்த வாரமே போக வேண்டும். சின்னத் திட்டு, பாரம் ஏறாத இடம் என்றால் கவனித்துக்கொண்டு இருக்கலாம்.

பாரத்தை இறக்குவது

இடுப்பில் ஏவிஎன் என்று தெரிந்ததும் குதிப்பது, ஓடுவது, கபடி, கிரிக்கெட், மாடிப்படி, தம்பி தங்கையைத் தூக்குவது எல்லாம் நிற்க வேண்டும். முழு ஓய்வும் கூடாது. படுத்தே கிடந்தால் தசையும் கரையும், மிச்ச எலும்பும் மெலியும். பாரமில்லாத அசைவு வேண்டும்: படுத்தபடி காலை மடக்கி நீட்டுவது, பக்கவாட்டில் விரிப்பது, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. எத்தனை தடவை என்பதை பிசியோதெரபிஸ்ட் எழுதித் தரட்டும். நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் பலருக்கு ஒத்துவரும். நீச்சல் நல்லதுதான், ஆனால் காவிரியிலோ ஊர்க் குளத்திலோ இப்போது இறக்க வேண்டாம். ரத்த வெள்ளை அணு குறைவாக இருக்கும்வரை, ரத்த நாளத்தில் மருந்துக் குழாய் இருக்கும்வரை அந்தத் தண்ணீர் தொற்றைத்தான் கொண்டுவரும். படித்துறைப் பாசியும் ஒரு காரணம்.

ஊன்றுகோலை அளவில்லாமல் வாங்கிக்கொடுப்பது பரவலான தவறு. செருப்பு போட்டு நிற்கவைத்து அளக்க வேண்டும். கோலின் நுனி பாதத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் இருக்கட்டும். மேல் பஞ்சுக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். பாரம் உள்ளங்கையில்தான் இறங்கணும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். ஏற்கெனவே வின்கிறிஸ்டின் வாங்கும் பிள்ளைக்கு இது இரட்டை அடி. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் நோவுக் காலும் முதலில். இரண்டு இடுப்பும் கெட்டிருந்தால் கோல் போதாது. பள்ளிக்கு, மருத்துவமனைக்கு மட்டுமாவது சக்கர நாற்காலிக்கு வெட்கப்படாதீர்கள்.

கோல் நுனியிலுள்ள ரப்பர் குப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே வளைய வளையமாக வரி தெரிய வேண்டும். வழவழவென்று தேய்ந்திருந்தால் அன்றே மாற்றுங்கள், விலை சொற்பம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சிமென்ட் வாசலும் டைல்ஸ் தரையும் சறுக்கும்; மாவுக் கோலம் ஈரத்தில் இன்னும் சறுக்கும். வாசலில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டால் நுனி காயும், ஆனால் சாக்கின் விளிம்பு சுருண்டு தட்டிவிடாமல் செங்கல்லால் அழுத்திவையுங்கள். வயல் வரப்பில் கோலோடு போகவே கூடாது, சேற்றில் புதைந்து ஆளைக் கவிழ்த்துவிடும்.

நம் வீட்டில் இடுப்பைப் பதம் பார்க்கும் இடம் கக்கூஸ். குந்தி உட்காரும்போது இடுப்பு முழுக்க மடங்குகிறது; எழும்போது உடம்பு எடை முழுதும் அந்த மூட்டின் மேல். இந்திய பாணிக் கழிப்பறை மேல் வைக்கும் நடுவில் ஓட்டையுள்ள ஸ்டூல் மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கும். உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிட உயரக் கூடாது, அந்த உயரத்தில் வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் வாங்கினால் நான்கு கால் நுனியிலும் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, ரவுல்பிளக் போட்டு முடுக்கியது, கட்டாயம் வேண்டும். வாளி விளிம்பைப் பிடித்து எழும் பழக்கம் விபத்து.

அதே கணக்குதான் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும். சம்மணம் வேண்டாம், பாய் வேண்டாம்; நாற்காலியும் கட்டிலும். கல்யாண வீட்டுப் பந்தியில் பெஞ்சு இருக்கும், ஆனால் பிள்ளைகளைக் கோயில் மண்டபத் தரையில் வரிசையாக உட்காரவைக்கும் இடங்களில் முன்கூட்டியே ஒரு நாற்காலி கேட்டு வாங்கிவிடுங்கள். பள்ளியில் வகுப்பு மாடியில் என்றால் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லி மருத்துவர் கடிதத்தோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். இரண்டு செட் புத்தகம் இருந்தால், ஒன்று வகுப்பிலேயே கிடக்கும், முதுகில் மூட்டை ஏறாது.

இவை வேண்டவே வேண்டாம்

சுளுக்கு எடுப்பது, உருவிவிடுவது, எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது எதுவும் கூடாது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்த பிள்ளைக்கு அழுத்தினால் உள்ளே ரத்தம் கசியும். மெலிந்த எலும்பு இழுப்பில் முறியும். செத்த எலும்பைக் கட்டுப் போட்டு யாராலும் உயிர்ப்பிக்க முடியாது. அப்பாயிக்குக் கை சும்மா இருக்காது என்றால், அழுத்தாமல் தடவிக்கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அதுவும் தேவைதான்.

"ஒரு ஊசி போட்டுவிடுங்க" என்று உள்ளூர் கிளினிக்கில் இடுப்பு ஊசி போடவைக்காதீர்கள். சதையில் ரத்தம் கட்டும், சீழ் வைக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் தட்டணுவின் வேலையைக் கெடுக்கும். லுக்கீமியா மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைச் சிறுநீரகம் வெளியேற்றுவதையும் தடுக்கும். அந்த இரண்டும் சேர்ந்தால் வாய்ப்புண்ணிலிருந்து அணுக்கள் விழுவதுவரை போகும். வீட்டில் இருக்கலாம் என்பது பாராசிட்டமால் மட்டும். கிலோவுக்கு 15 மி.கி. ஒரு வேளைக்கு, 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி. ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் இல்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதுவும் வேண்டாம். கொடுக்கும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும்.

மூட்டு வலிக்கு என்று பொட்டலம் கட்டித் தரும் பொடிகளிலும் பெயரில்லாத மாத்திரைகளிலும் ஸ்டீராய்டே கலந்திருப்பது உண்டு. முதல் நாளே வலி பறந்துபோனால் சந்தேகப்படுங்கள்.

எலும்பு கெடுகிறது என்று கேட்டதும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். லுக்கீமியா திரும்பலாம். உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பும் அடங்கிப்போயிருப்பதால் காய்ச்சல் நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா, எந்தக் கட்டத்தில் என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்வார். இதன் மறுபக்கமும் நடக்கிறது: ஐந்து நாள் மாத்திரையை மீதி இருக்கிறதே என்று பத்து நாள் கொடுத்துவிடுவது. டெக்ஸாமெத்தசோன் 0.5 மி.கி., 4 மி.கி. என இரண்டு அளவிலும் வரும். ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் எட்டு மடங்கு. ஒவ்வொரு தடவையும் அட்டையில் உள்ள எண்ணைப் படித்து, காலண்டரில் நாளை அடித்து, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கால்சியமும் வைட்டமின் டியும்

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இவை மெலிந்த எலும்புக்கு உதவும். செத்த எலும்பைத் திருப்பித் தராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு நாள் கால்சியம் 4 முதல் 6 வயதுக்கு 550 மி.கி., 7 முதல் 9 வயதுக்கு 650, 10 முதல் 12 வயதுக்கு 850, 13 முதல் 15 வயதுக்கு 1,000. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 200 மி.லி. டம்ளரில் இரண்டு டம்ளர் பால், ஒரு சின்னக் கிண்ணம் தயிர், 60 கிராம் கேழ்வரகு மாவில் அடையோ கூழோ என்றால் சுமார் 800 வந்துவிடும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் உடம்பில் கூடுதலாகச் சேரும். பொடிமீனை முள்ளோடு நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். கருவாடு, அப்பளம், ஊறுகாய் ஸ்டீராய்டு நாட்களில் வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும். அஸ்பராஜினேஸ் வாரங்களில் பரோட்டா, பஜ்ஜி, வடையும் ஒதுக்குங்கள்.

லுக்கீமியாவுக்கு இரவில் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மாத்திரையைப் பாலோடு கொடுக்காதீர்கள் என்று சில மருத்துவமனைகளில் சொல்வார்கள். அதற்காகப் பாலையே நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. அது தவறு, பாலைக் காலையிலும் சாயங்காலமும் கொடுத்துவிடலாம்.

வைட்டமின் டியில் நடக்கும் பிழை பெரியது. 60,000 யூனிட் பொட்டலமோ மாத்திரையோ வாரம் ஒன்று, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். அதை தினம் ஒன்று கொடுத்துவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, கடும் மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், சோர்வு என வரும். கீமோவால்தான் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கிழமையைக் குறித்து, அந்தக் கிழமை மட்டும். கால்சியம் மாத்திரை அட்டையில் 'கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி.' என்றால் அதிலிருக்கும் கால்சியம் 500 மி.கி. மட்டுமே. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு கொடுங்கள்.

முதுகு வலித்தால்

ஏஎல்எல் கண்டறியும் நேரத்திலேயே ஆறில் ஒரு பிள்ளைக்கு முதுகெலும்பில் அமுக்க முறிவு இருப்பதாகக் கனடா ஆய்வு ஒன்று காட்டியது. சிலருக்கு வலியே இருக்காது. முதுகு வலித்தாலோ, கூன் விழுந்தாலோ, உயரம் குறைந்தாலோ முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். குடம் தூக்கக் கூடாது. குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. சின்ன வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு முடிந்த பிறகு முதுகெலும்பு பழைய வடிவத்துக்கே வளர்ந்து வருவதுண்டு. அமுங்கிய இடுப்புக்குப் பெரும்பாலும் இல்லாத ஒரு சலுகை இது.

மருத்துவர் என்ன செய்வார்

வலிக்கும் அடர்த்திக்கும் ஜோலெட்ரானிக் அமிலம் போன்ற மருந்தை ரத்த நாளம் வழியாக ஏற்றுவார்கள். வலி குறையும், எலும்பு வலுவாகும். கெட்ட இடுப்பு அமுங்குவதைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. ஏற்றும் முன் வைட்டமின் டி குறைவைச் சரிசெய்திருக்க வேண்டும், பல் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். முதல் தடவை ஏற்றிய ஓரிரு நாளில் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். ஆனால் கீமோ வாங்கும் பிள்ளையின் காய்ச்சலை 'மருந்துக் காய்ச்சல்' என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள், போன் செய்யுங்கள். உதடு மதமதப்பு, விரல் இழுத்துக்கொள்வது கால்சியம் இறங்கியதன் அடையாளம்.

அமுங்கும் முன்னால் பிடித்தால், எலும்புக்குள் சின்னத் துளை போட்டு அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை உண்டு. பிள்ளைகளில் பலன் கலவைதான். முழுதும் அமுங்கி, வலி தாங்க முடியாமல் போனால் செயற்கை இடுப்பு மூட்டு. வளர்ச்சி முடியும்வரை தள்ளிப்போடப் பார்ப்பார்கள். ஆனால் பள்ளிக்கூடமே போக முடியாத வலி என்றால் தள்ளிப்போடுவதும் நியாயமில்லை.

ரயிலும் கோப்பும்

சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிறவர்கள் இரவுப் பேருந்தை விட்டுவிடுங்கள். உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ கீழ்ப் படுக்கை வாங்கிப் போங்கள். ஏவிஎன் பிள்ளை நடுப் படுக்கைக்கு ஏறக் கூடாது. புற்றுநோய் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75%. ரயில்வே படிவத்தில் மருத்துவமனைக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எலும்பு அறுவைக்கும் அதே அட்டையைக் காட்டிக் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். நடக்கச் சிரமம் நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 40% என்று மதிப்பிட்டால் சலுகைகள் கிடைக்கும்.

சிகிச்சை முடியும் நாளில் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்குங்கள். எந்த நெறிமுறை, எந்த ஸ்டீராய்டு, மொத்தம் எவ்வளவு, தலைக்குக் கதிர்வீச்சு உண்டா, எம்ஆர்ஐ எப்போது, என்ன இருந்தது. லேமினேட் செய்து கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள், போனிலும் ஒரு படம் இருக்கட்டும். பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போகும்போது அதன் நகலும் பெட்டிக்குள் போக வேண்டும். அங்கே யாராவது தோல் அரிப்புக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு எழுதும் முன் அந்தத் தாளை ஒரு தடவை காட்டட்டும்.